‘கல்நெஞ்சத் தாய்’ என்று எழுதியவன் நான்

சென்ற மாதம் தமிழ் இணையத்தளமொன்றில் ஒரு செய்தியைப் படித்தேன். பிறந்து மூன்று வாரமேயான சிசு இறந்துவிட்டது. தாய் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்டிருந்தார். செய்தி மொத்தம் எட்டு வரி. தலைப்பில் ‘கொடூரத் தாய்’ என்றிருந்தது. கீழே அந்தப் பெண்ணின் படம். முகத்தை மறைக்க வேண்டும் என்றுகூட எவருக்கும் தோன்றவில்லை. வாசகர்கள் தம் பங்குக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். தூக்கில் போடவேண்டும் என்றார் ஒருவர். இவள் தாயா பேயா என்று கேட்டார் இன்னொருவர்.

அந்த எட்டு வரியில் இல்லாதவை பல. அந்தப் பெண் கடைசியாக எப்போது உறங்கினார்? பிள்ளை பிறந்த பிறகு அவரது பேச்சில் மாற்றம் தெரிந்ததா? வீட்டில் துணைக்கு யார் இருந்தார்கள்? மருத்துவரிடம் எவராவது அழைத்துச் சென்றார்களா? நிருபர் கேட்கவில்லை. செய்தி ஆசிரியரும் கேட்கவில்லை. ‘கொடூரம்’ என்ற ஒரு சொல் கிடைத்ததும் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது போலும்!

அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு முழு உரிமை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைப்புக்கு மூத்த தலைப்பொன்றை எழுதியவன் நான்.

1984ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். பிரதேச நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் செப்பனிட்டுத் தலைப்பிடுவது என் பொறுப்பு. ஒரு மாலை வலிகாமத்திலிருந்து செய்தியொன்று வந்தது. தலைப்பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாளான இளம் தாய். பிள்ளை இறந்துவிட்டது. தாயை அயலவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். எவ்வாறு நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அன்று எழுதினேன். இடம், நேரம், விதம் எல்லாவற்றையும் எழுதினேன். தாயின் பெயர், கணவரின் பெயர், ஊரின் பெயர், ஒழுங்கையின் பெயர் எதையும் விடவில்லை. ‘பச்சிளம் பாலகனைக் கொன்ற கல்நெஞ்சத் தாய்’ என்று மூன்று பத்தித் தலைப்புக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் முதுகில் தட்டிப் பாராட்டினார். இளவயது, மகிழ்ந்துபோனேன்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண்ணின் தமையன் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மடித்த பத்திரிகை. “ஐயா, இதை எழுதினது ஆர்?” என்று கேட்டார். ஆசிரியபீடத்தில் ஐந்து பேர் இருந்தோம். எவரும் வாய் திறக்கவில்லை. நான் மேசையிலிருந்த ஒப்புநோக்குத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. “சண்டை பிடிக்க வரேல்லை ஐயா. பிள்ளை பிறந்து நாலாம் நாளிலையிருந்து அவள் நித்திரை கொள்ளேல்லை. அது தன்ரை பிள்ளை இல்லை, ஆசுப்பத்திரியிலை ஆரோ மாத்திப்போட்டினம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவள். நாங்கள் பேய் பிடிச்சுதெண்டு நூல் கட்டினனாங்கள். அதையும் எழுதுங்கோவன்” என்றார்.

வழக்கு முடிந்ததும் எழுதுகிறோம் என்று சொல்லி அனுப்பிவைத்தோம். வழக்கும் ஒருநாள் முடிந்தது. நாங்கள் எழுதவில்லை.

நோய்க்குப் பெயர் உண்டு

அந்தத் தமையன் சொன்ன ஒவ்வொன்றும் மருத்துவ நூலில் உள்ள அறிகுறி என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்துகொண்டேன்.

பிள்ளைப்பேற்றின் பின் பெண்ணின் மனத்துக்கு நேரக்கூடியவற்றை மருத்துவர்கள் மூன்றாக வகுக்கிறார்கள். முதலாவது, பிள்ளை பிறந்து மூன்றாம் நான்காம் நாளில் வரும் கண்ணீர். காரணம் தெரியாத அழுகை, எரிச்சல், பதற்றம். பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வருவது இது. இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். மருந்து தேவையில்லை. உறக்கமும் ஆறுதலும் போதும்.

இரண்டாவது, மனச்சோர்வு நோய். இது தானே தணிவதில்லை. வாரக்கணக்கில், கவனிக்காது விட்டால் மாதக்கணக்கில் நீடிக்கும். எதிலும் பற்றின்மை, பசியின்மை, பிள்ளை உறங்கும்போதும் உறங்க முடியாமை, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம், பிள்ளைமீது எதுவும் தோன்றவில்லையே என்ற குற்றவுணர்வு. சிலருக்குச் செத்துப்போகலாம் என்ற நினைப்பும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற பெண்களில் உலகளவில் ஏறத்தாழ 13 சதவீதமானோர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். வளர்முக நாடுகளில் இது ஏறத்தாழ 20 சதவீதம். ஐந்து தாய்மாரில் ஒருவர் என்று இதற்குப் பொருள். உங்கள் ஒழுங்கையில் சென்ற ஆண்டு பிள்ளை பெற்றவர்களை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, உளப்பிறழ்வு. ஆயிரம் பிள்ளைப்பேற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்கும். உறக்கம் அற்றுப்போகும், ஆனால் களைப்புத் தெரியாது. பேச்சு ஓயாது, அல்லது அடியோடு நின்றுவிடும். பிள்ளையை மாற்றிவிட்டார்கள், பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது, எவரோ பிள்ளையைக் கொல்ல வருகிறார்கள் என்ற நம்பிக்கைகள் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். இல்லாத குரல்கள் கேட்கும். இடையிடையே தெளிவும் வரும். அந்தத் தெளிவைக் கண்டு ‘சுகமாகிவிட்டது’ என்று வீட்டார் ஏமாந்துபோவார்கள். பிள்ளைப்பேற்றின் பின் குருதி பெருகினால் எவ்வளவு அவசரமோ, இதுவும் அவ்வளவு அவசரம். அன்றைக்கே வைத்தியசாலை. மறுநாள் அல்ல, நல்ல நாள் பார்த்து அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இந்த மூன்றாவது வகை நோய் கண்டவர்களிலும் மிக மிகச் சிலரே பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்கள். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலானோர் முற்றாகக் குணமடைகிறார்கள். ஒருமுறை கண்டவருக்கு அடுத்த பிள்ளைப்பேற்றின்போதும் வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவைப்பது பெரும் பாதுகாப்பு. ஆனால் சொல்வதற்கு முதலில் அது நோய் என்று வீட்டார் ஒப்புக்கொள்ளவேண்டும். ‘கல்நெஞ்சம்’ என்று பத்திரிகையில் படித்த குடும்பம் எப்படி ஒப்புக்கொள்ளும்?

‘இது வெள்ளைக்காரரின் நோய்’

இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் படித்தவர்களே சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. “எங்கள் ஆச்சிமார் பத்துப் பன்னிரண்டு பெற்றார்கள். அவர்களுக்கு இந்த நோயெல்லாம் வந்ததா? இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான நோய்.”

வந்தது. நம் ஊரில் அதற்குச் சொல்லும் இருந்தது. பிள்ளை பெற்றவள் பிதற்றினால் ‘சன்னி கண்டுவிட்டது’ என்பார்கள். குளிர் பிடித்ததாலா, கிரகத்தாலா, பேயாலா என்று காரணத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம். காய்ச்சலால் வந்த பிதற்றலையும் மனநோயையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கலாம். ஆனால், ‘இவள் கெட்டவள்’ என்று சொல்லவில்லை. அது அவளுக்கு நேர்ந்த ஒன்று, அவள் செய்த ஒன்றல்ல என்ற அடிப்படை அறிவு எழுத்தறியாத மருத்துவிச்சிக்கு இருந்தது. பட்டம் பெற்ற உதவி ஆசிரியனான எனக்கு இருக்கவில்லை.

இறக்குமதி என்போருக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டின் வேலூரை அடுத்த கிராமப்புறத்தில் பிள்ளை பெற்ற பெண்களைத் தொடர்ந்து அவதானித்து மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2002இல் பிரித்தானிய உளமருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. பிள்ளைப்பேற்றின் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அதற்கு வழிசெய்தவையாக ஆய்வாளர்கள் கண்டவற்றைப் படித்தபோது நம் வீட்டுக் கூடத்தில் நின்று எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றியது. குறைந்த வருமானம்; ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறந்தது; மாமியாரோடும் பெற்றாரோடும் பிணக்கு; கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள்; கைவேலைக்கு உதவியின்மை. இதில் எது வெள்ளைக்காரருடையது?

உடலின் பங்கும் உண்டு. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டரோன் ஆகிய ஓமோன்களின் அளவு சில நாட்களுக்குள் செங்குத்தாக வீழ்கிறது. அதனுடன் உறக்கமின்மையும் சேர்கிறது. குடும்பத்தில் எவருக்காவது கடும் மனநோய் இருந்தால் அதுவும் சேர்கிறது. 1858இலேயே பாரிஸில் மருத்துவர் லூயி விக்டர் மார்சே கர்ப்பிணிகளினதும் பிள்ளை பெற்ற பெண்களினதும் மனநோய் குறித்துத் தனி நூலே எழுதிவிட்டார். நான் தலைப்பெழுதியது அதற்கு 126 ஆண்டுகளின் பின்னர்.

முப்பத்தொரு நாள்

நம்மவர்கள் பிள்ளை பெற்றவளைக் கவனிக்காமல் விடுகிறோமா? இல்லை. முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கிறோம். வெந்நீர் ஊற்றுகிறோம். சரக்குக்கறி காய்ச்சுகிறோம். அடுப்படிப் பக்கம் வரவிடுவதில்லை. துடக்கு என்ற சொல்லின் பின்னாலுள்ள தீட்டுக் கணக்கை நான் ஏற்பவனல்லன். ஆனால், ஓயாது உழைத்த பெண்ணுக்கு ஒரு மாத ஓய்வையும் தன் தாயின் துணையையும் அந்த வழக்கம் கொடுத்தது என்பதை மறுக்கமாட்டேன்.

அந்தக் கவனிப்பு முழுவதும் உடலுக்கே என்பதுதான் என் குறை. வயிறு சுருங்கியதா, பால் காணுமா, தையல் ஆறியதா என்று பார்ப்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? “பிள்ளை ஆற்றை சாயல்?” “எத்தனை இறாத்தல்?” “இரவிலை அழுகிறானோ?” பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விடுவார்கள். மூலையில் படுத்திருப்பவளைப் பார்த்து, “நீ நித்திரை கொண்டியோ பிள்ளை?” என்று கேட்பவர் எத்தனை பேர்?

அவள் அழுதால், “பச்சை உடம்புக்காரி அழக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது” என்று அடக்குவார்கள். “உனக்கு என்ன குறை? தங்கமான பிள்ளை, நல்ல புருசன்” என்பார்கள். ஆறுதல் என்று நினைத்துச் சொல்லும் இந்த வார்த்தை அவள் வாயை அடைத்துவிடுகிறது. குறையொன்றும் இல்லாதபோதும் அழுகிறேனே, அப்படியானால் நான்தான் கெட்டவள் என்று அவளே முடிவுகட்டிவிடுகிறாள். மனநோய் மருத்துவரிடம் கொண்டுபோகலாமா என்று எவராவது மெல்லச் சொன்னால், “ஊருக்குத் தெரிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை வருமா?” என்று அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இந்தக் குறைந்தபட்சத் துணையும் இல்லாத பெண்களையும் நாம் கண்டிருக்கிறோம். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் பிள்ளை பெற்றவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் தாய் இருந்தார்? எத்தனை பேருக்குக் கணவன் எங்கே என்று தெரிந்திருந்தது? முகாமில் எத்தனை பிறப்பு என்று நாம் செய்தி எழுதினோம். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று எழுதவில்லை.

சட்டத்துக்கு இருந்த இரக்கம்

“நோய் நோய் என்று சொல்லிக் கொலையை மறைக்கப் பார்க்கிறீர்கள்” என்பது அடுத்த மறுமொழி. இதற்கு என் பதில் வேண்டாம். சட்டத்தின் பதிலைக் கேளுங்கள்.

பிள்ளைப்பேற்றின் தாக்கத்தினால் மனச்சமநிலை குலைந்த தாய் தன் சிசுவின் இறப்புக்குக் காரணமானால் அதனைக் கொலையாகக் கொள்ளக்கூடாது என்று இங்கிலாந்து 1922இல் சட்டமியற்றியது. 1938இல் அதனைத் திருத்தி, பன்னிரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளை வரை விரிவாக்கியது. அதே வழியில் அமைந்த விதிவிலக்கு எமது தண்டனைச் சட்டக்கோவையில், கொலையை வரையறுக்கும் 294ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தூக்குத்தண்டனையை வைத்திருந்த அந்த இறுகிய சட்டத்துக்கே இந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. கொலை என்று நீதிமன்றம் சொல்லத் தயங்கும் ஒன்றை, மரண விசாரணை முடியுமுன்பே தலைப்பில் கொலை என்று எழுத எனக்கு யார் அதிகாரம் தந்தார்கள்?

எல்லா நாடுகளிலும் இந்தத் தெளிவு இல்லை. 2001 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அன்ட்ரியா யேட்ஸ் என்ற தாய் தன் ஐந்து பிள்ளைகளின் உயிரைப் பறித்தார். முந்திய பிள்ளைப்பேற்றின் பின்னரே கடும் மனநோய்க்காக வைத்தியசாலையில் இருந்தவர் அவர். 2002இல் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு மருத்துவ சாட்சி சொன்ன தகவலொன்று பிழை என்று தெரியவந்ததால் 2005இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2006இல் நடந்த மறுவிசாரணையில், சித்தசுவாதீனமின்மை காரணமாகக் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பாகி மனநல வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். கைதுச் செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் பெரிதாக வெளியிட்டது நினைவிருக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பை எத்தனை பேர் படித்திருப்பீர்கள்? கைது செய்தி, விடுதலை செய்தியல்ல என்பது எங்கள் தொழிலின் பழைய நோய்.

பத்துக் கேள்விகள்

தாய்மாரைக் காப்பதில் இலங்கை பெருமைப்படத்தக்க நாடு. 1940களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களில் அந்த எண்ணிக்கை நாற்பதுக்குக் கீழே. மழையிலும் வெயிலிலும் வீடு வீடாகச் சென்ற குடும்பநல உத்தியோகத்தர்களே இந்தச் சாதனையின் முதுகெலும்பு. ஆனால் குருதிப்பெருக்கையும் கிருமித்தொற்றையும் வென்றுவர, அதுவரை மறைந்திருந்த இன்னொரு காரணம் மேலே தெரிகிறது. பிரித்தானியாவில் 1997 முதல் 1999 வரையான தாய்மரணங்களை ஆராய்ந்து 2001இல் வெளியான அறிக்கை, பிள்ளைப்பேற்றுக்கு ஓராண்டு வரையான மரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மனநோயும் அதனாலான தற்கொலையுமே தாய்மரணத்தின் முதற்காரணம் என்று கண்டது. 2012இல் உலக சுகாதார நிறுவனம், இத்தகைய தற்கொலைகளையும் நேரடித் தாய்மரணமாகவே கணக்கிட வேண்டுமென்று வழிகாட்டியது. இலங்கையிலோ தற்கொலை முயற்சியே 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. உயிர்தப்பிய தாய்க்குச் சிகிச்சைக்கு முன் பொலிஸ் வாக்குமூலம்!

நோயை முன்கூட்டிக் கண்டறிய வழியும் உண்டு. 1987இல் எடின்பரோ மருத்துவர்கள் வெளியிட்ட வினாக்கொத்தில் பத்தே பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் பரிசோதிக்கப்பட்ட வடிவங்கள் உள்ளன. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களின் கைகளிலும் அது கொடுக்கப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கேள்விகள் எங்கே, எவர் முன்னிலையில் கேட்கப்படுகின்றன? விறாந்தையில் மாமியார் நிற்க, கதவோரம் கணவன் நிற்க, “உங்களுக்குத் தற்கொலை எண்ணம் வந்ததா?” என்று கேட்டால் எந்தப் பெண் ஆம் என்பாள்? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று புள்ளடி விழும். தாளில் அவள் நலம். ஆகவே தனியறையில், கதவை மூடிக்கொண்டு கேட்க உத்தியோகத்தருக்கு நேரமும் அதிகாரமும் வேண்டும். உளப்பிறழ்வோ முதல் இரண்டு வாரத்திலேயே வந்துவிடுவது. அதைப் பிடிக்க மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி உதவாது. முதற் பத்து நாளில் அவர் வரும்போது, “நித்திரை வருகிறதா?” என்ற ஒரு கேள்வியையாவது தாயிடம் தனியே கேட்கவேண்டும்.

பணமில்லை, மருத்துவர் இல்லை என்ற சாக்கையும் நான் ஏற்கமாட்டேன். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அத்தீப் ரஹ்மான் என்ற உளமருத்துவரும் அவரது குழுவினரும் செய்ததைப் பாருங்கள். மனநல மருத்துவமே படிக்காத கிராமச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மாருடன் முறையாகப் பேச வைத்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், அவ்வாறு பேசப்பட்ட தாய்மாரில் 23 சதவீதமானோரே நோயுடன் இருந்தார்கள். மற்றப் பிரிவில் 53 சதவீதம். 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த முடிவு இது. அங்கே முடிந்தது வட்டுக்கோட்டையில் முடியாதா? மூதூரில் முடியாதா? தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துச் சிகிச்சை செய்யும் பிரிவை பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2009இல் தொடங்கியது. நம் மாகாணங்களின் பெரிய வைத்தியசாலைகளுக்கும் அது எட்டவேண்டும். பால் கொடுக்கும் தாய் உட்கொள்ளத்தக்க மருந்துகளும் இருக்கின்றன. மருந்தென்றால் பாலை நிறுத்தவேண்டும் என்று பயந்து சிகிச்சையையே விடுபவர்கள் இதனை மருத்துவரிடம் கேட்டுத் தெளியட்டும்.

எங்கள் மேசைக்கு

பிறருக்குச் சொல்லுமுன் எங்கள் தொழிலுக்குச் சொல்லவேண்டியவை உண்டு. பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் ஒரு தாய் இவ்வாறான செய்தியில் அகப்பட்டால் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள். விதத்தை விவரிக்காதீர்கள், அதனைப் படிக்கும் இன்னொரு நோயுற்ற பெண் இருக்கிறார். ‘கொடூரம்’, ‘கல்நெஞ்சம்’, ‘பேய்’ ஆகிய சொற்களை அகற்றுங்கள். அவள், இவள் என்று ஒருமையில் எழுதாதீர்கள். மருத்துவர் ஒருவரிடம் இரண்டு வரி கேட்டுப் போடுங்கள். வழக்கின் முடிவை, முதற்செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். உதவி தேடுவோருக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் உண்டு என்பதைச் செய்தியின் அடியில் சேருங்கள். இதற்கு இடம் போதாது என்று சொல்லும் ஆசிரியருக்கு, இராசிபலனுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்பேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இதனைப் படிக்கும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கே துடக்குக் காக்க ஆளில்லை. கணவன் இரண்டு வேலைக்குப் போக, பனிக்காலத்தில் அடுக்குமாடியில் பிள்ளையோடு தனித்திருக்கும் பெண்களை நீங்கள் என்னிலும் நன்றாக அறிவீர்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் நாமும், “பிள்ளையைக் காட்டு, பிள்ளையைக் காட்டு” என்றே கேட்கிறோம். ஒருமுறை, “பிள்ளையை வைத்துவிட்டு உன் முகத்தைக் காட்டு” என்று கேளுங்கள். கணவன்மாரே, இரவில் ஒரு வேளையாவது பிள்ளையை நீங்கள் ஏந்தி, அவர் தொடர்ந்து ஐந்து மணிநேரம் உறங்க விடுங்கள்.

அந்தத் தமையன்

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பிலிருந்த நான் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் போனபோது அந்த ஊரைத் தேடிச் சென்றேன். தமையன் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். தலை நரைத்துவிட்டது. தங்கை எப்படி என்று கேட்டேன்.

“நாலு மாதத்தாலை நல்லாச் சுகமாகி வந்திட்டாள். கோட்டிலையும் விட்டிட்டினம். சுகமாகி வந்த பிறகுதான் அந்தப் பேப்பரை வாசிச்சவள். நாங்கள் ஒளிச்சு வைச்சனாங்கள். அயலுக்கை ஆரோ குடுத்திட்டினம். ‘அண்ணை, என்ரை நெஞ்சு கல்லோ?’ எண்டு கேட்டவள். அதுக்குப் பிறகு கனகாலம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை” என்றார்.

எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் ஒராள்தான் தலை நிமிரேல்லை.”

பத்திரிகைகளில் ‘திருத்தம்’ என்று ஒரு சிறு கட்டம் போடுவோம். எழுத்துப்பிழைக்கும் இலக்கப்பிழைக்கும் நானே பலமுறை போட்டிருக்கிறேன். இதற்கு அன்றும் போடவில்லை. அவரைச் சந்தித்துத் திரும்பிய பிறகும் போடும் துணிவு வரவில்லை. இப்போது போடுகிறேன். 1984இல் நான் எழுதிய அந்தத் தலைப்புப் பிழையானது. அவர் கல்நெஞ்சத் தாய் அல்லர். நோயுற்றிருந்தார். வீட்டார் அறியவில்லை. அறிந்திருக்கவேண்டிய நான் கேட்கவில்லை. அவரிடமும் அவரது குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கோருகிறேன்.